கையில் என்ன இருக்கிறது?

(நூம்பலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். பேச எடுத்துக்கொண்ட பொருள், கம்ப்யூட்டர் விளையாட்டு. "இதுக்கா சார் ஞாயிற்றுக்கிழமை வேலப்பன்சாவடியில இறங்கி நடந்து வந்தோம்?" என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். சுடுகிற விளையாட்டைப் பற்றியோ கார் ஓட்டுகிற விளையாட்டைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. அட்வென்ச்சர் கேம் என்று ஒரு வகை உண்டு. தமிழில் சாகச விளையாட்டு என்று சொல்லலாம். பெயரில்தான் சாகசம். ஆடுகிறவனுக்குப் பெரும்பாலும் மண்டை காய்கிற வேலைதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு அறைக்குள் நிற்கிறீர்கள். கதவு பூட்டியிருக்கிறது. தரையில் ஒரு கால்மிதி, மேசை மேல் ஒரு கத்தி. உங்கள் தோளில் ஒரு பை. கண்ணில் படுவதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம், பேச ஆள் இருந்தால் பேசலாம். அவ்வளவுதான். பெரும்பாலும் கடிகாரம் ஓடாது, யாரும் துரத்த மாட்டார்கள். யோசித்தால் கதவு திறக்கும், யோசிக்காவிட்டால் திறக்காது. நம் பாட்டிமார் போட்ட விடுகதைக்கும் வேதாளம் கேட்ட கேள்விக்கும் இது தூரத்து உறவு.

இதைத் தொடங்கி வைத்தவர் நம்மைப் போல ஒரு பொறியாளர்தான். வில் கிரௌதர் என்று பெயர். இன்றைய இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வேலையில் இருந்தவர். விடுமுறையில் குகைக்குள் இறங்கி வரைபடம் போடுவது அவர் பொழுதுபோக்கு. 1970-களின் நடுவில், அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மாமத் குகையை மனதில் வைத்து, தன் பெண் குழந்தைகள் ஆடுவதற்காக ஒரு புரோகிராம் எழுதினார். 1977-இல் ஸ்டான்போர்டில் இருந்த டான் உட்ஸ் அதைப் பெரிதாக்கினார். படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். "விளக்கை எடு", "கதவைத் திற" என்று இரண்டு சொல்லில் கட்டளை கொடுக்க வேண்டும். அதன் பிறகு இன்ஃபோகாம், சியரா, லூகாஸ் ஆர்ட்ஸ் என்று பல கம்பெனிகள் வந்து, 1980-களிலும் 1990-களிலும் இந்த வகை விளையாட்டு கொடிகட்டிப் பறந்தது.

நான் இவற்றை ஆடியது பின்னால், பள்ளிக்கூட நாட்களில், பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த பழைய சி.டி.க்களில். படிப்பு முடிந்து தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த பிறகுதான், அந்த மூளைப்பழக்கம் தினமும் கைகொடுப்பதைக் கவனித்தேன். அதில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். எங்கே அந்தப் பழக்கம் உதவாது என்பதையும் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

முதல் பாடம், "பார்" என்கிற கட்டளை. அந்த விளையாட்டுகளில் பழகியவன் புதிய அறைக்குள் போனதும் எதையும் தொட மாட்டான். முதலில் சுற்றிப் பார்ப்பான்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரு கன்வேயர், தினமும் மத்தியானம் மூன்று மணி வாக்கில் தானாக நின்றுவிடும். அரை மணி கழித்துத் தானாகச் சரியாகிவிடும். சென்சாரை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், மறுபடியும் சென்சாரை மாற்றினார்கள். எங்கள் மூத்த பிட்டர் அண்ணன் ஒருவர், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டரை மணிக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று மணிக்குக் கூரைத் தகட்டு இடுக்கு வழியே ஒரு கோடு வெயில் இறங்கி, நேராக அந்த ஒளி சென்சார் மேல் விழுந்தது. மெஷின் நின்றது. "தம்பி, ஒரு அட்டைத் துண்டு எடுத்தா" என்றார். அட்டையை மடித்துக் குடை மாதிரி கட்டினார். முடிந்தது. மூன்று முறை பாகம் மாற்றியவர்கள் எல்லோரும் படித்தவர்கள்தான். ஆனால் யாரும் அந்த நேரத்தில் அங்கே சும்மா உட்கார்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவது பாடம், பையைக் கொட்டிப் பார்ப்பது. மாட்டிக்கொண்டால், "என்ன இல்லை" என்று புலம்புவதை நிறுத்திவிட்டு, "கையில் என்ன இருக்கிறது" என்று பட்டியல் போட வேண்டும்.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 நிலவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் டாங்க் வெடித்தது. மூன்று பேரும் நிலவில் இறங்குவதற்கான சின்னக் கலத்துக்குள் ஒதுங்கினார்கள். அது இரண்டு பேருக்காகச் செய்தது. மூச்சில் வெளியாகும் கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பா அதில் உருண்டை வடிவம், கைவசம் மிச்சமிருந்த தாய்க்கலத்து டப்பாவோ சதுரம். ஹூஸ்டனில் இருந்த பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? விண்கலத்தில் இருக்கிற பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு யோசித்தார்கள். பிளாஸ்டிக் பை, விண்வெளி உடையின் குழாய், குறிப்பேட்டின் அட்டை, ஒட்டும் டேப். அவற்றை வைத்தே சதுரத்தை உருண்டையோடு இணைக்கும் வழியைக் கண்டுபிடித்து, ரேடியோவில் ஒவ்வொரு படியாகச் சொன்னார்கள். மூன்று பேரும் உயிரோடு வீடு வந்தார்கள்.

அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும், நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மாங்காட்டைத் தாண்டினால் சிக்கராயபுரம். அங்கே கைவிடப்பட்ட கல்குவாரிகள், இருபதுக்கும் மேற்பட்ட குழிகள். மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். "அந்தப் பக்கம் போகாதே, ஆழம் தெரியாது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆபத்தான பள்ளம் என்பதற்கு மேல் அதற்கு ஒரு பெயரும் நம்மிடம் இல்லை.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் எல்லாம் அடிமட்டத்துக்குப் போயின. முழுக் கொள்ளளவில் 3,645 மில்லியன் கன அடி பிடிக்கிற செம்பரம்பாக்கம் ஏரியும் வற்றியது. அந்த ஏரிக்கரையில் நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் இருக்கிறது. சுத்தம் செய்ய இயந்திரம் இருக்கிறது, கொடுக்கத் தண்ணீர் இல்லை. கொஞ்ச தூரத்தில் குவாரியில் தண்ணீர் இருக்கிறது, அதைச் சுத்தம் செய்ய வழி இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விடை தெரிந்துவிட்டது. தண்ணீரைச் சோதித்தார்கள், பம்பு வைத்தார்கள், குழாய் போட்டார்கள். குவாரித் தண்ணீர் செம்பரம்பாக்கம் நிலையத்துக்கு வந்து, சுத்தமாகி, நகரத்துக் குழாய்க்குப் போனது. 2019-இல் இன்னும் கடுமையான வறட்சி வந்தபோதும் அந்தக் குவாரிகள் கைகொடுத்தன. அந்த வருஷம் ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர்.

குவாரி நிரந்தரத் தீர்வு அல்ல, இறைத்தால் காலியாகிவிடும். மழைநீர் சேகரிப்பும் ஏரி பராமரிப்பும்தான் நிரந்தரம். ஆனால் பள்ளம் என்று பெயர் வைத்து ஒதுக்கிய ஒன்றை, தொட்டி என்று பெயர் மாற்றிப் பார்க்க ஒரு மனசு வேண்டியிருந்தது பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. கிரௌதரும் உட்ஸும் செய்த அந்த முதல் விளையாட்டிலேயே வருகிறது. குகைக்குள் ஒரு பாம்பு வழியை மறிக்கும். அதை விரட்ட ஒரு சின்னப் பறவை வேண்டும். பறவையைப் பிடிக்கக் கூண்டும் உங்களிடம் இருக்கிறது. ஆனால் கிட்டே போனால் பறவை மிரளும், பிடிக்க முடியாது. ஏன் என்றால், வழியில் கிடந்த ஒரு கருப்புக் கோலை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதைக் கண்டுதான் அது மிரள்கிறது. கோலைக் கீழே போட்டால் பறவை கூண்டுக்குள் வந்துவிடும். திரும்பி வந்து கோலை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துத்தான் ஆக வேண்டும், வேறோர் இடத்தில் பள்ளத்தைத் தாண்ட அது தேவைப்படும்.

கையில் ஒரு பொருள் குறைவதால் மட்டும் காரியம் கெடுவதில்லை. கையில் ஒன்று கூடுதலாக இருப்பதாலும் கெடும். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர், "நான் டிகிரி" என்கிற கோலைப் பிடித்துக்கொண்டு ஷாப் ஃப்ளோருக்குள் போனால், முப்பது வருஷ அனுபவமுள்ள ஆபரேட்டர் வாயைத் திறக்க மாட்டார். கோலை வாசலில் வைத்துவிட்டு, "அண்ணே, இது எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். மெஷினின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். டிகிரியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போது அது வேண்டும். எங்கே கீழே வைப்பது, எங்கே எடுப்பது என்று தெரிந்தால் போதும்.

நான்காவது பாடம் மாணவர்களுக்கு. 1990-இல் 'மங்கி ஐலண்ட்' என்ற விளையாட்டைச் செய்த ரான் கில்பர்ட், அதற்கு முந்தைய வருஷமே ஒரு கட்டுரை எழுதினார். இந்த வகை விளையாட்டுகள் எங்கெங்கே எரிச்சலூட்டுகின்றன என்று சொல்லி, சரிசெய்யச் சில விதிகளையும் வகுத்தார். அதில் ஒன்று, ஆடுகிறவன் முதலில் பூட்டைப் பார்க்க வேண்டும், பிறகுதான் சாவி கிடைக்க வேண்டும் என்பது. சாவி முதலில் கிடைத்தால் அது எதற்கு என்றே தெரியாமல் சுமந்து திரிவான்.

இன்றைக்கு நம் பிள்ளைகள் சாவிகளாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த கோர்ஸ், இந்த சர்டிபிகேட், பக்கத்து பெஞ்ச் பையன் சேர்ந்தான் என்று இன்னொன்று. "எதுக்கும் இருக்கட்டும் சார்." அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. தம்பிகளே, தங்கைகளே, முதலில் போய்ப் பூட்டைப் பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை இங்கிருந்து எட்டாத தூரமில்லை. அனுமதி கேட்டு ஒரு பட்டறையில் ஒரு நாள் நில்லுங்கள். அவர்கள் எதற்குத் திண்டாடுகிறார்கள் என்று பாருங்கள். அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று பிறகு முடிவு செய்யுங்கள். பூட்டைப் பார்த்தவன் படிக்கிற படிப்பு, சும்மா படிக்கிற படிப்பைவிட வேகமாக ஏறும்.

ஐந்தாவது, பூனையும் எலியும். 1990-இல் சியரா கம்பெனி வெளியிட்ட 'கிங்ஸ் குவெஸ்ட்' ஐந்தாம் பாகத்தில், ரொட்டிக் கடை பக்கத்தில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். உங்களுக்கு அதனால் ஒரு லாபமும் தெரியாது. பையில் ஒரு பழைய செருப்பு இருந்து, அதை வீசிப் பூனையை விரட்டினால் எலி பிழைத்துக்கொள்ளும். வெகு நேரம் கழித்து உங்களைக் கயிற்றால் கட்டி நிலவறையில் போடுவார்கள். அப்போது அந்த எலி வந்து கயிற்றைக் கடித்து விடுவிக்கும். எலியைக் காப்பாற்றாமல் வந்தவனுக்கு ஆட்டம் அங்கே முடிந்தது.

சிங்கமும் சுண்டெலியும் கதைதானே என்பீர்கள். அதேதான். ஆனால் கணக்குப் போட்டு எலியைக் காப்பாற்றச் சொல்லவில்லை. எந்த எலி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் கையில் செருப்பு இருந்தால் வீச வேண்டியதுதான். இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனை பேருக்கு முதல் வேலை, ஒரு சீனியர் போட்ட ஒரு போன் காலில் கிடைத்தது என்று கேட்டால், கைகள் நிறைய உயரும் என்று நினைக்கிறேன்.

சரி, இந்தப் பழக்கம் உதவாத இடங்களுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் போனால் என் பேச்சு அரைகுறை.

விளையாட்டில் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்று செய்தவன் உறுதி கொடுத்திருக்கிறான். வாழ்க்கையில் அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சில கதவு திறக்காது. அதன் முன்னால் பத்து வருஷம் நிற்பதைவிட வேறு தெருவுக்குப் போவது புத்தி.

இன்னொன்று, சுற்றி வளைக்கும் ஆசை. 1999-இல் வந்த 'கேப்ரியல் நைட்' மூன்றாம் பாகத்தில் ஒரு புதிர். மீசையே இல்லாத ஓர் ஆளைப் போல வேஷம் போட வேண்டும். அதற்காக, பூனையின் முடியை டேப்பில் பிடித்து, மேப்பிள் பாகு தடவிப் பொய்மீசை ஒட்டி, அந்த ஆளின் பாஸ்போர்ட் படத்தில் பேனாவால் மீசையும் வரைய வேண்டும்! இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கிற நாமும் ஆபீசில் பூனை மீசை ஒட்டுகிறவர்கள்தான். ஒரு வரியில் கேட்டால் கிடைக்கிற தகவலுக்கு நான்கு படிவமும் ஒரு கமிட்டியும் போடுகிறோம். கேட்டால் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். விளையாட்டில் 'சேவ்' உண்டு. தப்பாகப் போனால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். நிஜத்தில் திரும்பக்கூடியது எது, திரும்ப முடியாதது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் பல பேர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

அரியர் விழுந்தால் வாழ்க்கையே முடிந்தது என்று அறையைப் பூட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். அரியர் திரும்பக்கூடியது. மறுபடி எழுதலாம். முதல் இன்டர்வியூவில் தோற்றது திரும்பக்கூடியது. பிடிக்காத வேலையில் சேர்ந்ததும் திரும்பக்கூடியதுதான். ஆனால் அதே பிள்ளை, மழை நாளில் தண்ணீர் நிற்கிற சுரங்கப்பாதையில் "போயிடலாம்டா" என்று வண்டியை இறக்குகிறான். மெயினை அணைக்காமல் லைனில் கை வைக்கிறான். காற்றைச் சோதிக்காமல் மூடிக்கிடந்த தொட்டிக்குள் இறங்குகிறான். ஆழம் தெரியாத குவாரியில் குதிக்கிறான். இவை எதற்கும் 'சேவ்' கிடையாது. திரும்பக்கூடியதில் துணிச்சலாக இருங்கள். திரும்ப முடியாததில் கோழையாக இருங்கள், யாரும் கேலி செய்தால் செய்யட்டும். மனசு இருட்டிக்கொண்டு வருகிற நாளில் ஒரு முடிவும் எடுக்காதீர்கள். வீட்டிலோ ஹாஸ்டலிலோ எங்களிலோ ஒருத்தரிடம் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எங்களிலோ என்றேன். அதற்கு ஒரு வழி சொல்லி முடிக்கிறேன்.

இன்ஃபோகாம் கம்பெனி 1980-களில் தன் விளையாட்டுகளுக்குக் குறிப்புப் புத்தகம் விற்றது. அதில் கேள்வி மட்டும் கண்ணுக்குத் தெரியும். விடைகள் மறைமையில் அச்சடித்திருக்கும். கூடவே வரும் பேனாவால் தேய்த்தால் எழுத்து மேலே வரும். ஒரு கேள்விக்குக் கீழே பல குறிப்புகள். முதலில் லேசான ஒரு சாடை. அது போதாவிட்டால் அடுத்தது. கடைசியில்தான் முழு விடை. எத்தனை தேய்ப்பது என்பது ஆடுகிறவன் விருப்பம்.

நம் சங்கம் அந்தப் புத்தகம் மாதிரி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மாணவர்கள் எங்களிடம் கேட்கும்போது, "சார், ஏதாவது ஹெல்ப் பண்ணுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்கே தெரியாது. மூன்று வரி எழுதுங்கள். நான் போக நினைக்கிற இடம் இது. என் கையில் இருப்பது இது. இதுவரை முயன்று பார்த்தது இது. இந்த மூன்றையும் எழுதி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு வழி தெரிந்துவிடும். மீதிப் பேருக்கு நாங்கள் இருக்கிறோம்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த மூன்று வரி வந்தால் உங்கள் வாழ்க்கை வரலாற்றை எழுதி அனுப்பாதீர்கள், முழு விடையையும் கொட்டாதீர்கள். முதலில் ஒரு சாடை. "அந்த ஆலையில் இன்னாரைப் பார்", "அந்தப் பாடத்தில் இந்த அத்தியாயத்தை மறுபடி படி." திரும்பி வந்து கேட்டால் அடுத்தது. ஆனால் உயிர், உடம்பு, மனசு சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்தால், சாடையெல்லாம் வேண்டாம். உடனே போனை எடுங்கள், நேரில் போங்கள்.

வெளியே வராந்தாவில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் மாணவர்களின் மூன்று வரி, எதிர்ப்பக்கம் அதற்குப் பதில் சொல்ல முன்வருகிறவரின் பெயர். சாப்பாட்டுக்குப் போகும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். பேனாவும் அங்கேயே கட்டி வைத்திருக்கிறது.